மாத்து ஆள்

இடது கண்ணை மூடினால் முன்னால் போகிற தண்ணீர் லாரி ஒன்று. திறந்தால் ஒன்றரை. அந்த அரை லாரி கொஞ்சம் மேலே ஏறி, காயப்போட்ட துணி மாதிரி நிஜ லாரியின் தோளில் தொங்குகிறது. இரண்டிலிருந்தும் தண்ணீர் சொட்டுகிறது. எது நிஜம் என்று எனக்குத் தெரியும், அதில் குழப்பமில்லை, மூன்று மாதத்தில் பழகிவிட்டது. பழகிவிட்டது என்பதுதான் பயமாக இருக்கிறது. மூடிக்கொண்டே ஓட்டிப் பார்த்தேன். மூடினால் இடப்பக்கம் என்று ஒன்றே இல்லாமல் போய்விடுகிறது. பிளாட்பாரம், பஸ் நிறுத்தம், இடுக்கில் நுழைகிற ஸ்கூட்டர் எல்லாம் ஒரு சுவருக்குப் பின்னால் போய்விடுகின்றன. திறந்தால் சுவர் இல்லை, பால் கலந்த வெளிச்சம் இருக்கிறது, அதற்குள் ஏதோ நகர்கிறது. மணி ஒன்பதரை. பதினொரு மணிக்குள் மாத்து ஆளின் பெயர் அனுப்ப வேண்டும். வடபழனி சிக்னல் சிவப்பு. சிவப்பு என்பது இப்போதெல்லாம் ஒரு விளக்கு இல்லை, விரித்த குடை. பின்னால் வசுமதி மேடம் தூங்கிவிட்டார். முகப்பேரில் ஏறி, இரண்டு போன் பேசி, வடபழனி வருவதற்குள் தலை ஜன்னல் பக்கம் சாய்ந்துவிடும். கண்ணாடியில் பார்க்கிறேன், வாய் லேசாகத் திறந்திருக்கிறது, மூக்குக்கண்ணாடி கையில். கம்பெனியில் முன்னூறு பேர் இவர் கையெழுத்துக்குக் காத்திருப்பார்களாம். இங்கே யாரோ வீட்டுப் பெண்மணி மாதிரி, கோயில் திருவிழாவுக்குப் போய்த் திரும்புகிற பஸ்ஸில் தூங்குகிற மாதிரி தூங்குகிறார். ஒருநாள் சொன்னார், முனிரத்தினம், ராத்திரி எனக்குத் தூக்கமே வராது, உங்க வண்டியிலதான் ஒன்றரை மணி நேரம் செத்த மாதிரி தூங்குறேன் என்று. செத்த மாதிரி. சாதாரணமாகச் சொல்கிற வார்த்தைதான். அன்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. வீட்டில் சுலோச்சனாவிடம் சொன்னேன். இப்போது அந்த வார்த்தை தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது, விழுங்கினாலும் போகவில்லை, துப்பினாலும் வரவில்லை. பச்சை. எழுப்பாமல் நகர்த்த வேண்டும். எழுப்பாமல் நிறுத்துவதற்கு ஒரு வழி இருக்கிறது: வண்டி நிற்பதற்குக் கடைசி ஒரு முழம் இருக்கும்போது பிரேக்கிலிருந்து காலை லேசாக எடுத்துவிட வேண்டும். குலுக்கல் இருக்காது. தண்ணீர் ததும்பாமல் குடத்தை இறக்கி வைப்பது மாதிரி. அதை எனக்கு வேதகிரி சொல்லிக்கொடுத்தான். வேதகிரியைப் பற்றி இப்போது நினைக்கக்கூடாது.

முதலில் முன்கண்ணாடிதான் அழுக்கு என்று நினைத்தேன். கார்த்திகை மாதத்தில் ஒரு காலை, இதே சாலையில், கண்ணாடியில் யாரோ மூச்சு விட்டுவிட்டுப் போன மாதிரி ஒரு மங்கல். துடைத்தேன். சோப்புத் தண்ணீர் போட்டுத் துடைத்தேன், பேப்பரை நனைத்துத் துடைத்தேன். வைப்பர் தேய்ந்துவிட்டது என்று, எங்களைக் கம்பெனிக்கு வேலைக்கு அனுப்புகிற ஏஜென்சியில் சொன்னேன். தேய்மானம் டிரைவர் பொறுப்பு என்றார்கள், வாங்கிப் போட்டேன். பிறகு கண்ணாடிக்குப் பாலிஷ் போடச் சொன்னேன். போட்டார்கள், அந்த மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். மங்கல் போகவில்லை. ஒருநாள் வீட்டில், சாப்பிடும்போது, சுலோச்சனாவின் நெற்றிப்பொட்டு இரண்டாக இருந்தது. நான் சிரித்தேன், எதுக்குடி ரெண்டு பொட்டு என்றேன். அவள் சிரிக்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள். இன்னாங்க சொல்றீங்க, என்றாள். அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது அழுக்கு எங்கே இருக்கிறதென்று. கண் ஆஸ்பத்திரியில் சின்னப் பெண், டாக்டர், என் மகளாக இருந்தால் அந்த வயதுதான் இருக்கும், தாடையைத் தாங்கியில் வைக்கச் சொல்லி, உள்ளே ஒரு கோடு வெளிச்சம் விட்டுப் பார்த்தாள். புரை ரொம்ப முத்திடுச்சே ஐயா, இவ்ளோ நாள் என்ன பண்ணீங்க? இன்னும் விட்டா உள்ள பிரஷர் ஏறும், அப்புறம் ஆபரேஷன் பண்ணியும் பிரயோஜனம் இருக்காது. என்ன வேலை செய்றீங்க? என் வாய் தானாகச் சொன்னது: வாட்ச்மேன். சட்டைப் பையில் வண்டிச் சாவி தொடையில் குத்திக்கொண்டிருக்கிறது, இல்லை, பேண்ட் பையில், சட்டையை வீட்டில் மாற்றிக்கொண்டுதான் போனேன், யூனிபார்மோடு போகக்கூடாது என்று அந்த அளவுக்கு யோசனை இருந்திருக்கிறது. வாட்ச்மேனா, பரவாயில்ல, பாக்குறதுதான வேலை, என்று சிரித்தாள். நல்ல பெண். அட்டையில் எழுதிக்கொண்டாள். பெயர் முனிரத்தினம், வயது ஐம்பத்திரண்டு, தொழில் காவலாளி. அந்த அட்டை இப்போது வெயில் தடுப்புப் பலகைக்குப் பின்னால் செருகியிருக்கிறது, லீவு படிவத்தோடு. தலைக்கு மேலே இரண்டு காகிதம். ஒன்றில் நான் காவலாளி. இன்னொன்றில் நான் ஓட்டுநர், ஆனால் ஊருக்குப் போகிற ஓட்டுநர். இன்றைக்கு நாலு மணிக்குள் அட்மிட் ஆக வேண்டும். நாளை காலை ஆபரேஷன். தவறினால் அடுத்த தேதி இரண்டரை மாதம் கழித்து. இரண்டரை மாதத்தில் அரை லாரி முழு லாரி ஆகிவிடுமா, அல்லது முழு லாரியும் போய்விடுமா.

அசோக் பில்லர். ஆட்டோ ஒன்று இடப்பக்கத்திலிருந்து பிறக்கிறது. வந்தது என்று சொல்ல முடியாது, பிறக்கிறது, வெளிச்சத்திலிருந்து மஞ்சளாக. பிரேக்கை மிதித்து, கடைசி முழத்தில் காலை எடுக்கிறேன். மேடம் அசையவில்லை. மூன்று வருடம் நான் லீவே எடுத்ததில்லை. பொங்கலுக்கு மறுநாளும் வந்திருக்கிறேன். சுலோச்சனாவுடைய அக்காவின் சாவுக்குக் காலையில் போய் எரிந்துகொண்டிருக்கும்போதே கிளம்பி வந்தவன். எதற்காக? சேரட்டும் என்று. வருடத்துக்குப் பதினைந்து, மூன்று வருடத்துக்கு நாற்பத்தைந்து நாள் எங்கேயோ சேர்ந்துகொண்டிருக்கிறது என்று நினைத்தேன். எங்கே என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஏஜென்சி ஆபீசில், அந்த இரும்பு பீரோவில், என் பெயர் எழுதிய கவரில் நாற்பத்தைந்து நாள் மடித்து வைத்திருப்பது போல. சனிக்கிழமை பிரமிளாவுக்குப் போன் செய்தேன். சம்பளம் போடுகிற பெண். நல்லவள்தான், அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். அண்ணா, உங்களுக்கு லீவு எதுவும் இல்லையே. இல்லையா? எப்படிம்மா இல்லாம போகும், நான் ஒருநாள்கூட எடுக்கலையே. எடுக்கலை அண்ணா, ஆனா வாங்கிட்டீங்களே. மாசாமாசம் ஸ்லிப்புல எல்.டபிள்யூ.டபிள்யூ-ன்னு ஒரு அமௌன்ட் வருதுல்ல, லீவ் வித் வேஜஸ், அதான் உங்க லீவு. லீவு சம்பளத்தை அப்பப்பவே குடுத்துடுறோம்.  எல்.டபிள்யூ.டபிள்யூ. அது லேபர் வெல்ஃபேர் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். சர்க்கார் கொடுக்கிற நலப்பணம். டிரைவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம், ஒவ்வொரு ஸ்லிப் வரும்போதும், இந்த மாசம் நலம் வந்துடுச்சா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வோம். நலம்தான், நீ நலமா என்று கிண்டல் வேறு. வேதகிரிதான் முதலில் அப்படிப் படித்துச் சொன்னவன், எல்.டபிள்யூ வரைக்கும் படித்தான், மூன்றாவது எழுத்தை யாரும் பார்க்கவில்லை. அந்தப் பணத்தில் நான் என்ன செய்தேன்? சுலோச்சனாவுக்கு மாதம் ஒருமுறை கறி எடுத்துக்கொண்டு போவேன், நலத்தில் வாங்கியது என்று சொல்லிக் கொடுப்பேன். ஒவ்வொரு மாதமும் ஒன்றேகால் நாளைக் குழம்பு வைத்துச் சாப்பிட்டிருக்கிறோம். நாற்பத்தைந்து நாளும் வயிற்றில் இருக்கிறது.

அதோடு விடவில்லை அவள். எதுக்கு அண்ணா லீவு என்றாள். கண் ஆபரேஷன் என்று சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாது. குரல் தணிந்து வந்தது, வாயைக் கையால் பொத்திக்கொண்டிருப்பாள். ஐயோ அண்ணா, கண்ணுன்னு எழுதிடாதீங்க. உங்க மெடிக்கல் சர்டிபிகேட் எங்ககிட்ட இருக்கு, ரெண்டு கண்ணும் ஆறுக்கு ஆறுன்னு போட்டிருக்கு, போன மாசம்தான் கம்பெனிக்கு அனுப்பினோம். நீங்க கண்ணுன்னு எழுதினா அது என்ன ஆகும், நான் என்ன ஆவேன்? ஊர் வேலைன்னு போட்டுடுங்க. ஆறுக்கு ஆறு. வருடத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை என்று சம்பளத்தில் பிடிப்பார்கள். மூன்று முறை பிடித்திருக்கிறார்கள். ஒருமுறைகூட யாரும் என் கண்ணைப் பார்த்ததில்லை. ஆதார் அட்டை நகல் கேட்பார்கள், இரண்டு நாளில் சான்றிதழ் வரும், ரத்த அழுத்தம் நார்மல், பார்வை ஆறுக்கு ஆறு, கீழே நீல மையில் ஒரு முத்திரை. ஒருமுறையாவது பார்த்திருந்தால். அந்தப் பெண் மாதிரி ஒரு கோடு வெளிச்சத்தை விட்டிருந்தால். ஆனால் பார்த்திருந்தால் என்ன நடந்திருக்கும், அன்றைக்கே சாவியை வாங்கிக்கொண்டு அனுப்பியிருப்பார்கள். பார்க்காமல் விட்டதற்கு நான் கோபப்பட வேண்டுமா, நன்றி சொல்ல வேண்டுமா, தெரியவில்லை. பார்க்காத கண்ணுக்குக் காசு கொடுத்தேன், அந்தக் காசில் மூன்று வருடம் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். இதில் இன்னொன்று. ஏழு நாளுக்கு மேல் வராமல் இருந்தால் புது ஜாயினிங் மாதிரி. மறுபடி யூனிபார்முக்கு டெபாசிட், மறுபடி மெடிக்கல். அதாவது ஆபரேஷன் முடிந்து வந்ததும் மறுபடி பிடிப்பார்கள், மறுபடி யாரும் பார்க்க மாட்டார்கள், மறுபடி ஆறுக்கு ஆறு என்று எழுதுவார்கள். அந்த ஒருமுறை அது உண்மையாக இருக்கக்கூடும். சிரிப்பு வருகிறது. கண்ணாடியில் பார்க்கிறேன், மேடம் பார்த்துவிட்டாரா என்று. இல்லை.

கத்திப்பாராவின் வளைவில் ஏறுகிறேன். வளைவில் இடதுகண் எதற்கும் உதவாது, தடுப்புச்சுவரின் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் எல்லாம் சாம்பலாக ஓடும். சுவரைப் பார்க்காமல் முன்வண்டியின் வலது பின்விளக்கைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும், கையைப் பிடித்துக்கொண்டு போகிற மாதிரி. சட்டைப் பையில் போன் நடுங்குகிறது. எபனேசர். எடுக்க முடியாது, ஓட்டும்போது போனைத் தொட்டால் ஏஜென்சி போனில் போட்டுவிட்ட ஆப் காட்டிக்கொடுத்துவிடும், அதற்கு ஒரு பிடித்தம். நின்றது. மறுபடி நடுங்குகிறது. என்ன கேட்பான் என்று தெரியும். வரட்டா, வேணாமா. நேற்றே கேட்டான். படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது: மாற்று ஓட்டுநர் பெயர், கைபேசி எண். அது நிரம்பாமல் லீவு கிடையாது. லீவு போகிறவன்தான் மாத்து ஆளைக் கொண்டுவர வேண்டும், மாத்து ஆளின் கூலியையும் லீவு போகிறவன்தான் கொடுக்க வேண்டும். என் மாதச் சம்பளத்தில் ஒருநாளுக்கு வருவதைவிட அவனுடைய தினக்கூலி அதிகம், மீதியைக் கையிலிருந்து போட வேண்டும். பெயர் கொடுக்காமல் போனால் சொல்லாமல் போனதாகக் கணக்கு, ஒருநாளுக்கு இரண்டு நாள் சம்பளம் பிடிப்பார்கள். கூலிக்குச் சுலோச்சனா ஏற்பாடு செய்துவிட்டாள், எப்படி என்று நான் கேட்கவில்லை, காது வெறுமையாக இருந்ததைப் பார்த்தேன், அந்தக் கண்ணால்கூடத் தெரிந்தது. அதில்லை இப்போது. எபனேசர்தான். இருபத்தொன்பது வயது, துரைப்பாக்கத்தில் இருக்கிறான், ஆக்டிங் டிரைவர், நெட்டையன், சீட்டில் உட்கார்ந்தால் முழங்கால் ஸ்டியரிங்கை இடிக்கும். கை சுத்தம், குடிப் பழக்கம் இல்லை, வண்டியைக் கெஞ்சுகிற மாதிரி ஓட்டுவான். அதுதான் பிரச்சினை. மோசமாக ஓட்டுகிறவனை விட்டால் என் பெயர் கெடும். நன்றாக ஓட்டுகிறவனை விட்டால். நேற்றுப் போனில் சொல்கிறான், அண்ணா, பத்து நாள்தான? ஒரு ஓரமா வச்சுக் காப்பாத்தி உங்க கையில குடுத்துடறேன், உங்க சீட்டு என்ன ரேஷன் கார்டா, நான் பேரு சேத்துக்கறதுக்கு. சிரித்தான். நானும் சிரித்தேன். அப்புறம் கேட்டான், ஆமா அண்ணா, மேடத்துக்கு என்ன பிடிக்கும், பாட்டு போடலாமா, ஏசி எத்தனைல வைக்கணும்? நான் சொல்லவில்லை. சிக்னல் இல்லை, குரல் விட்டு விட்டு வருது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். குரல் நன்றாகத்தான் வந்தது.

ஏனென்றால் வேதகிரி சொன்னான். நினைக்கக்கூடாது என்று எத்தனை முறை சொல்வது, ஆனால் வேளச்சேரி ரயில் பாலத்துக்குக் கீழே வரும்போதெல்லாம் அவன் வந்துவிடுகிறான், இங்கேதான் வண்டியை ஓரம் கட்டி எனக்கு ஒவ்வொன்றாகச் சொன்னான். முனி, ஏசி ரெண்டுக்கு மேல வைக்காத, காத்து நேரா மூஞ்சிக்கு வரக்கூடாது. பாட்டு வேணாம். செய்தியும் வேணாம். பேசினா பதில் சொல்லு, நீயா பேசாத. பிரேக்குல கடைசி முழத்துல காலை எடுத்துடு. இது வேதகிரியின் சீட். அவன் மகள் கல்யாணத்துக்கு எட்டு நாள் லீவு போட்டபோது மாத்து ஆளாக நான் வந்தேன். என் பெயரை அவன்தான் அந்தக் கட்டத்தில் எழுதினான், குண்டு குண்டான எழுத்தில், முனிரெத்தினம் என்று ஒரு கொம்பு அதிகமாகப் போட்டு. மூன்றாம் நாள் மேடம் தூங்கினார். ஒன்பதாம் நாள் காலையில் அவன் கையில் மஞ்சள் கயிறும், ஒரு பை நிறைய அதிரசமுமாக வந்து நின்றான். ஏஜென்சியில் சொன்னார்கள், மேடம் இவரே இருக்கட்டும்னு சொல்லிட்டாங்க, உனக்கு வேற வண்டி பாக்கலாம். அவன் என்னைப் பார்த்தான். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இது உன் வண்டி, நீயே எடுத்துக்க என்று. ஐந்து வார்த்தை. என் கையில் சாவி இருந்தது, வியர்த்திருந்தது, அதை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினேன், அவனிடம் கொடுக்கவில்லை. அதிரசப் பையை என்னிடம் நீட்டினான். பரவால்ல முனி, புடி, கல்யாண வீட்டு பலகாரம், என்றான். வாங்கிக்கொண்டேன். இப்போது செங்குன்றம் பக்கம் செங்கல் வண்டி ஓட்டுகிறான் என்று கேள்வி, போய்ப் பார்த்ததில்லை. ஒரு விஷயம் மட்டும் அவ்வப்போது வந்து உறுத்தும். அவன் ஆறடி. நான் அவன் தோளுக்குத்தான் வருவேன். ஆனால் நான் முதல்நாள் இந்த வண்டியில் ஏறி உட்கார்ந்தபோது சீட் முன்னால் வந்திருந்தது, என் காலுக்கு பெடல் அளவெடுத்த மாதிரி இருந்தது. கழுவுகிற ஆள் நகர்த்தியிருப்பான் என்று அப்போது நினைத்தேன்.

பெருங்குடி. இந்த இடம். இடப்பக்கம் மெட்ரோ வேலைக்கு அடித்த தகரத் தடுப்பு, அதில் ஒரு சந்து. போன செவ்வாய்க்கிழமை அந்தச் சந்திலிருந்து ஒரு ஆள் வந்தான், டீ கேனைத் தூக்கிக்கொண்டு. வந்தான் என்பது பிறகு நான் சேர்த்துக்கொண்டது. அங்கே யாரும் இல்லை, பிறகு பானெட்டுக்கு முன்னால் ஒரு ஆள் இருந்தான், நடுவில் ஒன்றும் இல்லை. கால் தானாக அழுத்தியது. கடைசி முழம் எல்லாம் இல்லை, முழுதாக அழுத்தியது. அவன் ஒரு கையால் கேனைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையைப் பானெட்டின் மேல் வைத்து நின்றான், வண்டியைத் தடுக்கிற மாதிரியும் இல்லை, சாய்கிற மாதிரியும் இல்லை, மாட்டைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி. திட்டவில்லை. என்னைப் பார்த்தான், போய்விட்டான். திட்டியிருக்கலாம். மேடம் விழித்து என்னாச்சு என்றார். பள்ளம் மேடம் என்றேன். சரி என்று மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். சிறுசேரியில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தால் தூசியில் அவன் கை, ஐந்து விரலும், உள்ளங்கை ரேகைகூடத் தெரிந்தது, வலது கண்ணுக்கு. துடைத்தேன். இன்னும் அந்த இடத்தைத் தினமும் துடைக்கிறேன். அந்தப் பிரேக்குக்கு ஆப் ஐம்பது ரூபாய் பிடித்தது, திடீர் பிரேக் என்று. அதே வாரம் டிரைவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் என் போட்டோவைப் போட்டு, பூங்கொத்துப் படத்தோடு, இந்த மாதச் சிறந்த ஓட்டுநர் என்று வாழ்த்தியிருந்தார்கள், வேகத்தில் மிகக் குறைந்த தவறு என்று. எல்லா டிரைவர்களும் கைகூப்பிய படம் அனுப்பினார்கள். பார்வை தெரியாததால் மெதுவாக ஓட்டுகிறேன், மெதுவாக ஓட்டுவதால் சிறந்தவன். இப்படியே இன்னும் இரண்டரை மாதம் ஓட்டிவிட முடியாதா. முடியும் என்று ஒரு குரல் சொல்கிறது. இந்தக் குரல்தான் வாட்ச்மேன் என்று சொன்னது, பள்ளம் என்று சொன்னது, சிக்னல் இல்லை என்று சொன்னது. இரண்டரை மாதம், தினமும் இரண்டு தடவை இந்தச் சந்து, நூற்றுமுப்பது தடவை. நூற்றுமுப்பது தடவையில் ஒருதடவை அவன் கை பானெட்டை எட்டாமல் போனால். பெயர் எழுதாமல் விட்டால் சீட் இருக்கும். பெயர் எழுதினால் கண் இருக்கும். இரண்டும் இருக்கக்கூடாதா, ஒரு மனிதனுக்கு இரண்டும். எழுதாமல் விட்டு, கண்ணும் போய், அப்புறம் சீட்டும் போகும், அது மூன்றாவது வழி, அதை யாரும் கேட்காமலே கொடுப்பார்கள். எழுதலாம். எபனேசரை வேண்டாம் என்று வேறு யாராவது முரட்டு ஆளாகப் பார்த்து எழுதலாம், பிரேக் போட்டால் மேடத்தின் நெற்றி முன்சீட்டில் இடிக்கிற மாதிரி. பத்து நாளில் முனிரத்தினம் எப்போது வருவார் என்று அவரே கேட்பார். இது நல்ல யோசனை. இந்த யோசனை எனக்குள் எத்தனை நாளாக உட்கார்ந்திருந்தது? முரட்டு ஆள், இந்தச் சந்து, அந்த டீ கேன்.

டப். இடப்பக்கக் கண்ணாடியில் அறை விழுந்த மாதிரி சத்தம். சிவப்பாக ஏதோ கண்ணாடி முழுக்க ஒட்டி விலகுகிறது. நிறுத்துகிறேன், குலுங்கி நிற்கிறது. கொடி. சாலை வேலைக்காரப் பெண், ஆரஞ்சு மேல்சட்டை, தலையில் துண்டைக் கட்டி அதன்மேல் மஞ்சள் தொப்பி, கையில் சிவப்புக் கொடிக்கம்பு. எவ்வளவு நேரமாக ஆட்டிக்கொண்டிருந்தாளோ. அவளுக்குப் பின்னால் பெரிய இயந்திரம் ஒன்று பின்பக்கமாக நகர்ந்து சாலைக்கு வருகிறது, அதன் பீப் பீப் சத்தம் இப்போதுதான் எனக்குக் கேட்கிறது. யோவ், கண்ணு தெரியல உனக்கு? இம்மா நேரம் ஆட்டிக்கினு கீறேன், எதுக்கு, உனக்கு சாமரமா வீசறேன்? மூடிய கண்ணாடியைத் தாண்டி வருகிறது குரல். கையை எடுத்துக் கும்பிடுகிறேன். கும்புடு வேற, ஊட்ல பொண்டாட்டிய கும்புடு, உயிரோட போய் சேந்தன்னு, என்கிறாள். சிரிப்பும் வருகிறது அவளுக்கு, திட்டின வேகத்தில். இயந்திரம் எங்களுக்கு ஒரு கை தூரத்தில் இரும்பு வாயைத் தூக்கிக்கொண்டு கடக்கிறது. இன்னும் இரண்டு நொடி நான் ஓட்டியிருந்தால் அது மேடம் சாய்ந்திருக்கிற ஜன்னலில் வந்திருக்கும். இடப்பக்க ஜன்னல். அவர் எப்போதும் இடப்பக்கம்தான் உட்காருவார், எப்போதும் அந்தப் பக்கம்தான் தலை சாயும். இது எனக்கு இவ்வளவு நாளாகத் தோன்றவே இல்லை. என்னங்க முனிரத்தினம், என்கிறார் பின்னாலிருந்து, தூக்கம் ஒட்டிய குரலில். பள்ளம் என்று வாய் வரைக்கும் வந்தது. கொடி மேடம், என்றேன். கவனிக்கல. ஓ, என்றார். மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் தூங்கவில்லை. கொடிக்காரி கம்பைத் தாழ்த்தி, போ போ என்றாள்.  இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்கிறேன், கற்றுக்கொள்கிறவன் மாதிரி. கண்ணு தெரியல உனக்கு. மூன்று மாதமாக மேடத்திடம் மறைத்த விஷயத்தைத் தெருவில் நிற்கிற ஒருத்தி ஒரே பார்வையில் சொல்லிவிட்டாள், அவளுக்கு அது வெறும் திட்டு.

சிறுசேரி. பத்து நாற்பத்தைந்து. கம்பெனி வாசல் கூரைக்குக் கீழே நிறுத்தி, இறங்கிக் கதவைத் திறந்தேன். வெயில் இடதுகண்ணில் வெள்ளையாகக் கொட்டியது. மேடம், சாயந்தரம் வேற ஆள் வருவான், என்றேன். அவர் போனைப் பார்த்துக்கொண்டே இறங்கினார். யாரு? எபனேசர்னு ஒரு பையன் மேடம். எனக்குக் கொஞ்சம் ஊர் வேலை, பத்து நாள் ஆகும். பத்து நாளா? நிமிர்ந்து பார்த்தார். நாளைக்கு விடிகாலைல ஏர்போர்ட் போகணுமே. அவன் வந்துடுவான் மேடம். புது ஆள்னா எனக்குக் கண்ணே மூடாது முனிரத்தினம், உங்களுக்குத் தெரியும்ல? தெரியும் மேடம். உங்களை மாதிரி ஓட்டுவானா? நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னைவிட நல்லா பாத்து ஓட்டுவான் மேடம், என்றேன். சரி, சீக்கிரம் வாங்க, என்றார். அதற்குள் போன் அடித்தது, பேசிக்கொண்டே கண்ணாடிக் கதவுக்குள் போய்விட்டார். வண்டியைக் கீழ்த்தளத்தில் என் தூணுக்குப் பக்கத்தில் போட்டேன். இருட்டு கண்ணுக்கு இதமாக இருந்தது. படிவத்தை எடுத்து ஸ்டியரிங் மேல் வைத்து, இடதுகண்ணை மூடிக்கொண்டு, கட்டத்துக்குள் எழுதினேன். எபனேசர். எண். காரணம், ஊர் வேலை. போட்டோ எடுத்துப் பிரமிளாவுக்கு அனுப்பினேன். மணி பத்து ஐம்பத்தாறு. நீல டிக் வந்தது, வேறொன்றும் வரவில்லை. எபனேசருக்குப் போன் போட்டேன். அண்ணா, என்ன அண்ணா, நாலு தடவ அடிச்சேன், என்றான். வாடா, என்றேன். ரெண்டு மணிக்கெல்லாம் வந்துடு, சாவி செக்யூரிட்டிகிட்ட இருக்கும். ஏசி ரெண்டுக்கு மேல வைக்காத. காத்து மூஞ்சிக்கு நேரா வரக்கூடாது. பாட்டு வேணாம். அப்புறம் பிரேக்கு, என்று சொல்லி அதையும் சொன்னேன். கடைசி முழமா அண்ணா, என்று கேட்டுக்கொண்டான், எழுதிக்கொள்கிற மாதிரி. சரி அண்ணா, நல்லபடியா போய்ட்டு வாங்க, ஊருல எல்லாரையும் கேட்டதா சொல்லுங்க. சொல்றேன், என்றேன். பலகைக்குப் பின்னாலிருந்து ஆஸ்பத்திரி அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். டிபன் டப்பா, தண்ணீர் பாட்டில், துடைக்கிற துணி. துணியை மட்டும் திருப்பி வைத்தேன். இறங்கி, சாவியை எடுத்து, கதவை மூடப் போனேன். மூடவில்லை. குனிந்து, சீட்டுக்கு அடியில் கையை விட்டுக் கம்பியைத் தேடி, அதை மேலே தூக்கி, சீட்டை நான்கு பல் பின்னால் தள்ளினேன்.